ஒரே மொட்டைத் தூரில் இருவர்: காண்டாமிருக வண்டும் வாடல் பூஞ்சையும்

பேராவூரணிக்குத் தெற்கே, கடற்கரை மணற்பாங்கு தொடங்கும் இடத்தில், எங்கள் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது அங்கிருந்த 138 மரங்களில் 62 வேரோடு சாய்ந்தன, 9 இடுப்பளவிலோ தலையளவிலோ முறிந்து மொட்டையாக நின்றன, 67 தப்பின. தப்பிய மரங்களுக்கு வெள்ளைச் சாயத்தில் எண் எழுதி ஒரு நீளக் குறிப்பேட்டில் மரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். இந்தப் பதிவு அந்தக் குறிப்பேட்டிலிருந்து எழுதப்படுகிறது. கொண்டையில் இலையைக் கடிக்கும் காண்டாமிருக வண்டையும், தூரில் மரத்தை மட்கச் செய்யும் கேனோடெர்மா பூஞ்சையையும் ஒரே தோப்பில், ஒரே காலத்தில் கையாள நேர்ந்த கதை இது. இரண்டையும் நான் முதலில் ஒன்றாகக் குழப்பிக்கொண்டேன். அந்தக் குழப்பத்தின் விலை ஒரு மரம்.

2021 ஆகஸ்டில் 31ஆம் எண் மரத்தின் அடிமட்டைகள் மஞ்சளாகித் தொங்கத் தொடங்கின. குரும்பை உதிர்ந்தது, குலைக்கு நான்கைந்து காய்தான் நின்றது. அதே மரத்தின் நடுமட்டைகளில் கத்தரிக்கோலால் வெட்டியது போன்ற 'வி' வடிவ வெட்டுகளும் இருந்தன. தென்னை வைத்திருக்கும் எவரும் அந்த வெட்டைப் பார்த்ததும் வண்டு என்று சொல்லிவிடுவார்கள். நானும் அப்படியே சொல்லி, எல்லாக் கோளாற்றையும் வண்டின் தலையிலேயே கட்டினேன்.

அந்த வெட்டு எப்படி வருகிறது என்பதை மரம் ஏறும் அண்ணன்தான் கீழே கிடந்த ஒரு குருத்தை மடித்துக் காட்டி விளக்கினார். வண்டு விரிந்த கீற்றைக் கடிப்பதில்லை. இரவில் வந்து, பன்னாடைக்கும் மட்டைக்கும் நடுவே உள்ள இடுக்கில் துளைத்து இறங்கி, விசிறி போல மடிந்திருக்கும் இளங்குருத்துக்குள் நுழைகிறது. அங்கே திசுவை மென்று சாற்றை உறிஞ்சிக்கொண்டு, சக்கையைத் துளையின் வாய்க்குத் தள்ளிவிடுகிறது. மடித்த தாளில் ஒரு மூலையை வெட்டிவிட்டு விரித்தால் இரு பக்கமும் ஒரே வடிவம் வருமல்லவா, அதுபோலத்தான் குருத்து விரியும்போது கீற்றுகளின் இருபுறமும் வரிசையாக வெட்டுகள் தோன்றுகின்றன. ஆகவே நாம் இன்று காணும் வெட்டு, குருத்து விரிவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே விழுந்தது.

இதில் எனக்கு ஒரு வசதி கிடைத்தது. நல்ல பராமரிப்பில் உள்ள நெட்டைத் தென்னை ஆண்டுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு மட்டைகள் விடுகிறது. மட்டைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். உச்சியில் முழுதாக விரிந்த முதல் மட்டையிலிருந்து கீழ்நோக்கி எண்ணிக்கொண்டே வந்தால், எந்தெந்த மட்டையில் வெட்டு இருக்கிறதோ அதை வைத்து வண்டு எப்போதெல்லாம் வந்து போயிருக்கிறது என்று ஒரு கால அட்டவணையே போட்டுவிடலாம். 31ஆம் மரத்தில் மூன்று, நான்கு, ஐந்து, ஒன்பதாம் மட்டைகளில் வெட்டு இருந்தது. முதல் இரண்டு மட்டைகள் சுத்தமாக இருந்தன. புது மட்டைகளில் வெட்டே இல்லாதபோதும் மரம் ஏன் மஞ்சளாகிறது என்ற கேள்வி அன்றே எழுந்திருக்க வேண்டும், எழவில்லை.

அன்று கொண்டையில் செய்த வேலைகள் தவறானவை அல்ல. நுனி வளைந்த நீண்ட கம்பியைத் துளைக்குள் விட்டு அண்ணன் துழாவினார். முதலில் ஈரமான நார்ச்சக்கை வந்தது. புளித்த கள்ளின் வாடை அதில் இருந்தது. பிறகு கம்பியின் கொக்கியில் குத்துண்டு ஒரு வண்டு வெளியே வந்தது. கட்டைவிரல் பருமன், பளபளக்கும் கருப்பு, நெற்றியில் பின்னோக்கி வளைந்த கொம்பு. கொம்பு நீளமாக இருந்தால் ஆண். கொம்பு குட்டையாகவும் வயிற்றின் நுனியில் செம்மயிர்க் கற்றையும் இருந்தால் பெண். இது பெண். பிறகு வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்குக்கு மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் என்ற கணக்கில் உச்சியின் மூன்று மட்டை இடுக்குகளில் போட்டோம். எட்டு இளங்கன்றுகளுக்கு மட்டும் அந்துருண்டை மூன்று வைத்து மேலே மணல் தூவினோம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் தோப்பில் மற்ற மரங்கள் தெளிந்திருந்தன, 31 மட்டும் இன்னும் நான்கு மட்டைகளைத் தொங்கவிட்டிருந்தது.

இரண்டாம் முறை ஏறி இறங்கிய அண்ணன், "தம்பி, கொண்டையில ஒண்ணும் இல்ல. கோளாறு தூருல இருக்கு. அந்த உரிமட்டையை அள்ளிப் பாருங்க" என்றார். ஈரம் காக்க வேண்டும் என்று எல்லா மரத்தின் தூரைச் சுற்றியும் முழங்கால் உயரத்துக்குத் தேங்காய் உரிமட்டையைக் குவித்து வைத்திருந்தேன். மணற்பாங்கான நிலத்தில் அது நல்ல பழக்கம்தான். ஆனால் தண்டோடு ஒட்டிக் குவித்ததால் தூரே கண்ணில் படவில்லை. மட்டைகளை அள்ளியதும் தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை தண்டின் வெடிப்புகளில் செம்பழுப்புச் சாறு வடிந்து, சில இடங்களில் கருத்துக் காய்ந்து, சில இடங்களில் பிசின் போல ஈரமாக இருந்தது. அரிவாளின் முதுகால் தட்டினால் மேலே 'டங்' என்று கேட்ட ஒலி, சாறு வடிந்த பகுதியில் நனைந்த கோணியைத் தட்டியது போல மந்தமாகக் கேட்டது.

சாறு வடிந்தாலே வாடல் நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்று வேளாண் அலுவலர் எச்சரித்தார். தென்னையில் சாறு வடிதல் என்று வேறொரு நோயும் உண்டு. அதைச் செய்வது வேறொரு பூஞ்சை. அதில் தண்டின் எந்த உயரத்திலும் வெடிப்பு கண்டு சாறு கசியும். எங்கள் மரத்தில் கசிவு தரைமட்டத்தில் தொடங்கி மேல்நோக்கி ஏறியிருந்தது, அடிமட்டைகள் முதலில் வாடியிருந்தன, தோண்டிப் பார்த்த வேர்களில் பாதிக்கு மேல் கையில் பிடித்து இழுத்தால் தோல் உரிந்து வந்தது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது கேனோடெர்மா தரும் தஞ்சாவூர் வாடல்.

1952இல் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் புயலுக்குப் பின் முதலில் கவனிக்கப்பட்டதால் நோய்க்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கன்னடத்தில் இதை 'அணபெ ரோகம்', அதாவது காளான் நோய் என்கிறார்கள். நாம் வாடலைப் பார்த்துப் பெயர் வைத்தோம், அவர்கள் தூரில் முளைக்கும் காளானைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். இரண்டுமே பூஞ்சை தன் வேலையைப் பெரும்பாலும் முடித்த பிறகு தெரியும் அடையாளங்கள். வண்டின் வரவை மட்டையை எண்ணிச் சொல்லிவிட முடிகிறது. பூஞ்சை எப்போது நுழைந்தது என்பதற்கு மரத்தில் அப்படி ஒரு பதிவும் இல்லை. அது மண்ணுக்குள் வேர் வழியாக வந்து, தண்டின் அடியில் மரத்துக்கு உறுதி தரும் லிக்னினையே சிதைத்து உண்கிறது. நீர் ஏறும் குழாய்கள் அடியிலேயே கெடுவதால்தான் உச்சியில் தாகம் தெரிகிறது. அதைத்தான் நாம் வாடல் என்று காண்கிறோம்.

இந்த இடத்தில் தென்னையின் உடலமைப்பைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். மாமரத்திலோ வேம்பிலோ பட்டைக்கு அடியில் வளர்திசு வளையம் ஒன்று இருக்கிறது. காயம் பட்டால் அது மெல்ல மெல்ல மூடிக்கொள்ளும். தென்னை ஒருவித்திலை இனம், அந்த வளையம் அதற்கு இல்லை. தண்டில் ஒரு முறை விழுந்த குழி மரம் பட்டுப்போகும் வரை குழிதான். ஆனால் உச்சியில் உள்ள ஒரே ஒரு வளர்மொட்டு உயிரோடு இருக்கும் வரை புது மட்டை வந்துகொண்டே இருக்கும். ஆகவே வண்டு கடித்த மட்டை ஏறத்தாழ இரண்டரை ஆண்டில் தானாக உதிர்ந்து கணக்கிலிருந்து போய்விடுகிறது. அந்த வளர்மொட்டையே வண்டு துளைத்துவிட்டாலோ, அந்தத் துளையின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிட்டுவிட்டாலோ மட்டும் மரம் போகும். தூரில் பூஞ்சை தின்ற பகுதியை மரத்தால் திரும்பக் கட்டவே முடியாது. அங்கே நாம் செய்யக்கூடியது பரவலை நிறுத்துவது ஒன்றுதான். கொண்டைக்குச் செய்ததைப் பழுதுபார்த்தல் என்று சொல்லலாம். தூருக்குச் செய்ததை அணைகட்டுதல் என்றுதான் சொல்ல வேண்டும்.

31க்குப் பிறகு உரிமட்டையை அள்ளி 67 தூர்களையும் பார்த்தோம். 32, 38 இரண்டிலும் கணுக்கால் உயரத்துக்குச் சாறு. மூன்றும் ஒரே வாய்க்காலில் நீர் குடிக்கும் மரங்கள். அந்த வாய்க்காலின் மேல்முனையில் புயலில் முறிந்த மொட்டை மரம் ஒன்று நின்றது. மார்பளவு உயரம், மூன்று ஆண்டுகளாக அதை யாரும் தொடவில்லை, மோட்டார் அறைக்குப் போகும் வழியில் துண்டு போட ஒரு முளையாகப் பயன்பட்டது, அவ்வளவுதான்.

அதன் தூரில், மேற்குப் பக்கம், கை விரித்த அளவில் ஒரு காளான் அலமாரிப் பலகை போல நீட்டிக்கொண்டிருந்தது. மேற்புறம் வார்னிஷ் பூசியது போன்ற கருஞ்சிவப்பு, ஓரத்தில் வெண்ணிற வளையம், அடிப்புறம் ஊசிமுனைத் துளைகள் நிறைந்த பால்வெள்ளை. நகத்தால் கீறினால் கீறிய கோடு பழுப்பாக மாறியது. சுற்றிலும் இருந்த புல்லின் மீது கொக்கோப் பொடி தூவியது போல மெல்லிய படலம், அத்தனையும் விதைத்தூள். இதே கேனோடெர்மா பேரினத்தைச் சேர்ந்த காளானைத்தான் உடலுக்கு நல்லது என்று மாத்திரையாகவும் காப்பித் தூளாகவும் விற்கிறார்கள். தோப்புக்காரன் அதைக் காசு கொடுத்து வாங்குவான் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிறகு மேலே கடப்பாரையால் ஒரு குத்து விட்டோம். முறிந்த வாய் வழியே மழைநீர் இறங்கி உள்ளே எல்லாம் நார்க்கூழாகியிருந்தது. அந்தக் கூழுக்குள் 'சி' எழுத்தாகச் சுருண்ட வெண்புழுக்கள், செம்பழுப்புத் தலையுடன், சில என் சுட்டுவிரலை விடப் பருமனாக. ஒரு வாளியில் போட்டு எண்ணினோம்: 43 புழு, 5 கூட்டுப்புழு. உமியைக் கிளறியது போல ஒரு சலசலப்பு வாளியிலிருந்து கேட்டது. காண்டாமிருக வண்டின் முட்டை பொரிந்து, புழு வளர்ந்து, கூட்டுப்புழுவாகி வண்டாக வெளிவர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். புழு மட்கிய மரத்தையும் எருவையும் மட்டுமே தின்னும், உயிருள்ள மரத்தைத் தொடாது. இறக்கை முளைத்த பின்தான் அது நம் மரத்தின் கொண்டைக்கு ஏறுகிறது. பூஞ்சைக்கும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான்: செத்த தூரில் குடியிருந்துகொண்டு, அங்கிருந்து உயிருள்ள வேரைத் தேடிப் போகிறது. கொண்டையில் ஒன்றும் தூரில் ஒன்றுமாக நான் தனித்தனியே துரத்திக்கொண்டிருந்த இரண்டுக்கும் வீடு ஒன்றாக இருந்தது. அந்த வீட்டை நான்தான் மூன்று ஆண்டுகளாகக் காத்து வைத்திருந்தேன்.

(மனிதர் கண்ணில் படாமல் ஒளிந்து இந்த வண்டு கடல் கடந்தும் போயிருக்கிறது. 1909இல் இலங்கையிலிருந்து சமோவாத் தீவுக்குப் போன ரப்பர் நாற்றுகளுடன் புழுவாகவோ வண்டாகவோ ஒளிந்து போய், அங்கிருந்து பசிபிக் தீவுகள் பலவற்றில் தென்னையை அழித்தது. 1960களில் மலேசியாவில் அந்தப் புழுவைக் கொல்லும் வைரஸ் ஒன்றைக் கண்டுபிடித்து, தீவுகளில் பரப்பித்தான் ஓரளவு அடக்கினார்கள்.)

வேலை செப்டம்பர் கடைசியில் தொடங்கியது. முதலில் மண்வெட்டி வேலை. நோய் கண்ட மூன்று மரங்களையும் சுற்றி, தண்டிலிருந்து ஐந்தடி தள்ளி, இரண்டடி அகலமும் மூன்றடி ஆழமும் உள்ள வட்டக் குழி வெட்டினோம். வேரோடு வேர் தொட்டுப் பூஞ்சை கடக்காமல் இருக்கத்தான் இது. மணல் நிலத்தில் குழியின் சுவர் நிற்பதில்லை. 32ஆம் மரத்தைச் சுற்றி வெட்டிய குழி மறுநாள் மழையில் பாதி தூர்ந்துவிட்டது. பிறகு வெட்டிய குழிகளின் வெளிச்சுவருக்குத் தென்னம்பலகை அண்டை கொடுத்தோம். இன்று யோசித்தால் தென்னம்பலகையையே அங்கு வைத்தது அறிவீனம், மூன்று மாதத்தில் அவற்றை எடுத்து எரித்துவிட்டுப் பழைய கூரைத் தகரத்தை வைத்தேன்.

வாய்க்காலை மூடி, ஒவ்வொரு மரத்துக்கும் தனி வட்டப்பாத்தி அமைத்துக் குழாய் வழியே நீர் விட ஏற்பாடு செய்தோம். செலவில் பெரியது இதுதான். ஆனால் ஒரு மரத்தின் தூரைக் கழுவிய நீர் அடுத்த மரத்துக்குப் போகும் வரை வேறு எந்த மருந்தும் பயன் தராது என்பது என் முடிவு.

அடுத்து பூஞ்சையைக் கொல்லும் போர்டோக் கலவை. நூறு லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம் (செம்பு சல்பேட்), ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு என்பது ஒரு விழுக்காட்டுக் கலவை. நோய் கண்ட மூன்றும் அவற்றை ஒட்டிய எட்டுமாகப் பதினொரு மரங்கள், மரத்துக்கு 40 லிட்டர். ஆக 440 லிட்டர், மயில்துத்தமும் சுண்ணாம்பும் தலா 4.4 கிலோ. இரும்புப் பாத்திரம் கூடாது என்பதால் பிளாஸ்டிக் பீப்பாய்கள். துத்தநீரைச் சுண்ணாம்புப் பாலில் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. முடித்ததும் தீட்டிய கத்தியை ஒரு நிமிடம் கலவையில் முக்கி எடுத்துப் பார்த்தேன். விளிம்பில் செம்பு நிறத்தில் துரு போல ஒட்டியிருந்தது. சுண்ணாம்பு போதவில்லை என்று அதற்குப் பொருள். கடைச் சுண்ணாம்பு காற்றுப்பட்டுப் பாதி பூத்துப் போயிருந்தது. இன்னும் இரண்டு கைப்பிடி கரைத்து ஊற்றிய பிறகே கத்தி சுத்தமாக வந்தது. அன்று மாலைக்குள் பதினொரு பாத்திகளிலும் ஊற்றி முடித்தோம்; இந்தக் கலவையை மறுநாளுக்கு வைக்கக் கூடாது.

ஒரு மாதம் இடைவெளி விட்டு, மரத்துக்கு 200 கிராம் டிரைக்கோடெர்மா விரிடியைத் தொழுவுரத்தில் கலந்து போட்டு, ஐந்து கிலோ வேப்பம்பிண்ணாக்கும் இட்டோம். இடைவெளி ஏன் என்றால், டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான். கெட்ட பூஞ்சை, நல்ல பூஞ்சை என்று செம்பு பார்க்காது. நோய் கண்ட மூன்று மரங்களுக்கு மட்டும் வேர் வழியே மருந்து கட்டினோம். பென்சில் பருமனில் வெளிர்பழுப்பாக உள்ள உயிர்வேர் ஒன்றைத் தேடி, நுனியைச் சாய்வாக வெட்டி, பூஞ்சைக்கொல்லி கலந்த 100 மில்லி நீர் உள்ள பாலிதீன் பைக்குள் விட்டுக் கட்ட வேண்டும். 38ஆம் மரம் ஒரே இரவில் பையைக் காலி செய்தது. 31ஆம் மரத்தின் பை மூன்றாம் நாளும் அப்படியே இருந்தது. வேறு வேர் தேடினோம். வெட்டிய ஒவ்வொன்றும் உள்ளே பழுப்பாக இருந்தது. அந்த மரம் போய்விட்டது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மொட்டைத் தூரையும், அதுபோல நின்ற மற்ற எட்டையும் ஜேசிபி வைத்து வேர்முண்டோடு பறித்தோம். ஈரமரம் எரியவில்லை. பிளந்து காயப்போட்டு எரிக்க இருபது நாள் பிடித்தது. அந்த இருபது நாளும் பிளந்த துண்டுகளுக்கு வண்டு வந்து முட்டையிடும் என்பதால் எருக்குழியோடு சேர்த்து அங்கும் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சைக் கரைசல் தெளித்தோம். தோப்பின் ஓரத்தில், எல்லையை ஒட்டி, ஒரு கிலோ ஆமணக்குப் பிண்ணாக்கை ஐந்து லிட்டர் நீரில் ஊறவைத்த மண்பானைகள் நான்கைப் புதைத்தோம். முதல் வாரத்தில் அவற்றில் 17 வண்டுகள் விழுந்தன. இனக்கவர்ச்சிப் பொறி ஒன்றும் வாங்கினேன். முதலில் அதைத் தோப்பின் நடுவே தொங்கவிட்டு, அதைச் சுற்றியிருந்த மரங்களுக்கே வண்டை விருந்துக்கு அழைத்துவிட்டேன். பிறகு ஓரத்துக்கு மாற்றினேன்.

ஆறு வாரம் கழித்து எருக்குழியைக் கிளறியபோது புழுக்களில் பல சுண்ணக்கட்டி போல விறைத்திருந்தன. சிலவற்றின் மேல் வெண்பூஞ்சை, சிலவற்றின் மேல் ஆலிவ் பச்சைத் தூள். பச்சை பூத்த புழுக்களை எடுத்து எரிக்காமல் குழியிலேயே உதிர்த்துப் போட்டோம், அந்தத் தூள்தான் அடுத்த புழுவுக்கு நோய். ஒரு மூலையில் பூஞ்சையை அழிக்கத் துத்தம் ஊற்றிவிட்டு, இன்னொரு மூலையில் பூஞ்சையை வளர்த்துக்கொண்டிருந்தேன். போர்டோ ஊற்றிய வாளியை எருக்குழிப் பக்கம் கொண்டு போகக் கூடாது என்று வேலையாட்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

31ஆம் மரம் 2022 ஜூனில் குருத்துச் சாய்ந்து பட்டது. அதைத் தூரோடு பறித்தபோது வேர்முண்டின் நடுவே கை நுழையும் அளவுக்குப் பொந்து; பிசைந்த அவலைப் போல நார் உதிர்ந்தது. காளான் அதில் இன்னும் முளைத்திருக்கவில்லை. குழியில் சுண்ணாம்பு தூவி ஓராண்டு வெறுமனே விட்டு, இப்போது அந்தப் பகுதியில் மரங்களுக்கு இடையே வாழை வைத்திருக்கிறேன். நீர் வசதி உள்ள இடத்தில் வாழை ஊடுபயிர் இந்த நோயைக் குறைக்கிறது என்பது பழைய பரிந்துரை.

மற்ற இரண்டு மரங்களின் பரவலை அளக்க ஒரு எளிய வழி வைத்திருக்கிறேன். சாறு எட்டிய உச்ச விளிம்பில் நீலச் சாயத்தால் ஒரு கோடும், அதன் பக்கத்தில் மாதமும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுக் கோடு. 32இல் முதல் ஆண்டில் நான்கு கோடுகள், அடிக்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே 19 சென்டிமீட்டர். இரண்டாம் ஆண்டில் ஏறியது 4 சென்டிமீட்டர். 38இல் 2022 ஜனவரிக்குப் பிறகு புதுக் கோடு போட வேண்டிய தேவை வரவில்லை. கசிவு காய்ந்து கருத்து அப்படியே நிற்கிறது, குலைக்கு எட்டு ஒன்பது காய் பிடிக்கிறது. போன மாதம் அதன் கொண்டையை எண்ணியபோது ஏழாம் மட்டையில் மட்டும் ஒரே ஒரு 'வி' வெட்டு இருந்தது. உரிமட்டையை இப்போதும் போடுகிறேன், தண்டிலிருந்து இரண்டடி தள்ளி.